அண்ட இழையும் அவசர முழக்கமும்

நீர் உறையும்போது பல இடங்களில் தனித்தனியே உறைவு தொடங்குகிறது. அப்பகுதிகள் சந்திக்கும் எல்லைகளில் படிகங்கள் சரிவரப் பொருந்தாமல் குறைகள் எஞ்சுகின்றன. பேரண்டம் தோன்றிக் குளிர்ந்த தொடக்கக் கணத்திலும் இத்தகைய தழும்புகள் ஏற்பட்டிருக்கலாம் என 1976இல் எழுதினார் டாம் கிபிள். 1932இல் சென்னையில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றிய அறிஞர் அவர்.

அத்தழும்புகளில் ஒருவகை ‘அண்ட இழை’. அணுவினும் மிக நுண்ணிய தடிமன். விண்மீன் மண்டலங்களையும் விஞ்சும் நீளம். வட்டத் தாளில் ஒரு கீற்றை வெட்டியெடுத்து விளிம்புகளை ஒட்டினால் கூம்பாகிறதன்றோ? அவ்வாறே இழையைச் சுற்றியுள்ள வெளியிலும் 360 பாகையில் சிறிது குறையும். அதனால் இழைக்கு அப்பாலுள்ள ஒரு மண்டலம் நமக்கு இரண்டாகத் தெரியும்.

2003இல் அத்தகைய இரட்டைக் காட்சியொன்று அறிவிக்கப்பட்டது. 2006இல் ஹப்பிள் தொலைநோக்கி கூர்ந்து நோக்கியபோது, அவை இரு வேறு மண்டலங்களே எனத் தெளிவாயிற்று. 2013இல் வெளியான பிளாங்க் விண்கல அளவீடுகளிலும் இழைகளின் தடயம் கிட்டவில்லை.

புதிய கொள்கையொன்று செய்தியில் வந்தவுடன், “இது நம் திருமறையில் முன்பே உள்ளது” என மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. 2003இல் அவ்வாறு முழங்கியிருந்தால், 2006இல் நம் பிள்ளைகளுக்கு என்ன விடை கூறியிருப்போம்? அறிஞர்களின் கருத்து ஆய்வுக்கேற்ப மாறும், இறைவாக்கு மாறாது. மாறுவதோடு மாறாததை முடிச்சிடலாகாது.

வானங்களைச் சிந்திக்கப் பணித்த மார்க்கம் பொறுமையையும் பணித்திருக்கிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.