மறுநாள் வலி: பொறுக்கத்தக்கதும் பொறுக்கக் கூடாததும்

“நேற்றுப் பயிற்சி செய்தபோது ஒன்றும் தெரியவில்லை. இன்று மாடிப்படி இறங்க இயலவில்லை. ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதா?” வலுப்பயிற்சி தொடங்கியோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இவ்வலிக்கு அஞ்சிப் பயிற்சியைக் கைவிட்டோரும் உளர்; மருத்துவரை நாட வேண்டிய வலியை அசதி என்றெண்ணி இருந்துவிட்டோரும் உளர். இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

வலி ஏன் தாமதமாக வருகிறது?

பழக்கமில்லாத பளுவைத் தாங்கும் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. நாற்காலியில் மெல்ல அமர்தல், படியிறங்குதல், டம்பெல்லைக் கீழிறக்குதல் போன்று, தசை நீண்டவாறே பளுவைத் தாங்கும் அசைவுகளில் இது மிகுதி. அவற்றைச் சீர்செய்ய உடல் முனையும்போது எழும் அழற்சியால் வலி தோன்றுகிறது. ஆகவே அது 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்பது பரவலான எண்ணம். அதன் அளவோ பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

படுத்தே இராமல் மெதுவாக நடக்கலாம். வலிக்கும் தசைக்கு இரண்டு நாள் ஓய்வளித்து, பிற உறுப்புகளுக்குப் பயிற்சி தரலாம். வலி தணிந்தபின், பளுவைக் குறைத்து அதே பயிற்சியை மீண்டும் செய்யுங்கள். அடுத்த முறை வலி குறைவாகவே இருக்கும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் தாமாக வலி மாத்திரை வாங்கி உண்ணலாகாது. தொடைவலி உள்ள முதியோர் தடுமாறி விழக்கூடும். இரவில் கழிவறைக்குச் செல்லும்போது உடனிருப்போர் துணை செல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

• சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் கழிதல். தசை வீங்கி, வலியும் தளர்ச்சியும் பெருகுதல். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி இதுவாகலாம்.
• நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல்.
• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல்.

பயிற்சியின்போதே ‘சுரீர்’ என்று எழுந்த வலியையும், ஒரு வாரம் கடந்தும் நீங்காத வலியையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை உட்கொள்வோர் புதிய தசைவலி எதையும் சொல்லத் தவறாதீர்கள். ஆயினும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டா.

வலித்தால்தான் பயன் என்பதில்லை. சென்ற மாதம் பிறர் கைபிடித்து எழுந்தவர் இம்மாதம் தாமே எழுவாராயின், அதுவே பயிற்சியின் பயன். அதற்கு முன்வரும் சிலநாள் வலி, அஞ்சி நிறுத்துவதற்குரியதன்று.