லைன் நாய் யாருடையது?

சட்டத்தின் கணக்கில் நாய் இரண்டே வகை: வீட்டு நாய், தெரு நாய். 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, வீட்டு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. தெரு நாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளிலும், பங்காருப்பேட்டை வட்டத்துப் பூதிகோட்டை போன்ற ஊர்களின் கடைசித் தெருக்களிலும் இந்தக் கணக்கு உதைக்கிறது. அங்கே ஒரு நாய் காலையில் ஒரு வீட்டில் தின்னும், ராத்திரி எதிர்வீட்டுத் திண்ணையில் படுக்கும். மணி, ஜிம்மி என்று பெயர் இருக்கும். கயிறு இருக்காது, லைசென்ஸ் இருக்காது.

அதிகாரி வந்து யாருடைய நாய் என்று கேட்கிறார். "என் நாய்தான்" என்றால் செலவு சொன்னவர் தலையில் விழும். "நம்முது இல்லீங்க" என்றால் நாய் வண்டியில் ஏறும். வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று அறிந்தவர்கள் திறப்பதில்லை. அந்த மௌனத்தை 'மக்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதிக்கொண்டு போவது அலுவலகத்துக்கு வசதி.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், ஒரே நாளில் வேலை இழந்தார்கள். இன்று அவர்களில் பலருடைய பிள்ளைகள் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். கால்நடை ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாயை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போ என்று யார் சொல்ல முடியும்?

ஐரோப்பாவில் ரோமா மக்களின் கதை இதற்கு வெகு அருகில் இருக்கிறது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் அவர்கள். பல நாடுகளில் அவர்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே, குப்பை வண்டி எட்டாத இடத்தில் இருக்கிறது. நாய் பெருகினால் பழி அவர்கள்மேல் விழுகிறது, மருத்துவர் மட்டும் வருவதில்லை. நம் பக்கத்தில் நரிக்குறவர் குடியிருப்புகளையும் ஹக்கிப்பிக்கி குடியிருப்புகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாய் அதிகமானால் கொன்றுவிடலாமே என்பது பழைய யோசனை. சென்னை மாநகராட்சி 1996 வரை அதைத்தான் செய்தது. கருத்தடைதான் வழி என்று புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே சொல்லத் தொடங்கியும், நகரம் அதை ஏற்க முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. கொல்வது பலிக்காததற்குக் காரணம் குட்டிகளின் கணக்கில் இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. இனப்பெருக்க வயதுவரை பிழைத்தவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் 63 சதவீதத்தின் சாவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர் காரணம். பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி எப்படியும் சாகிறது. பெரிய நாய்களைக் கொன்று இடத்தையும் எச்சில் சோற்றையும் காலிசெய்து கொடுத்தால், சாகவேண்டிய குட்டிகளில் சில பிழைத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. ஊசி போட்ட நாய் போய், ஊசி போடாத நாய் வருகிறது.

கருத்தடை செய்தால் நடப்பது வேறு. ஜெய்ப்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 நாய்களைப் பிடித்து, பெரும்பாலானவற்றுக்கு ஆபரேஷன் செய்து, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டது. பெட்டைகளில் 65 சதவீதத்தை எட்டியபோது நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்திருந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனிதருக்கு ரேபிஸ் வருவது நின்றது. எட்டு ஆண்டு உழைப்பில் 28 சதவீதம். ஒரே மாதத்தில் நாயில்லாத ஊர் என்று வாக்குக் கேட்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லலாம்.

ஆபரேஷனால் நாய்க்கு என்ன லாபம் என்பதை யாரும் பேசுவதில்லை. ஈற்றுக்குமேல் ஈற்று போட்டு, எலும்பு துருத்த மடி தொங்க அலையும் பெட்டையைப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். மீதி பாதி ஒரு விசித்திரமான புற்றுநோயில் இருக்கிறது. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் சிவந்த பூப்போலப் புடைத்து ரத்தம் ஒழுகும் கட்டி அது. கிருமி பரவி வருவதல்ல, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு இணைசேரும்போது ஒட்டிக்கொண்டு போய் வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் பிறந்த செல்லின் வாரிசுகள்தான் இன்று உலகமெங்கும் நாய்களிடம் உள்ள இந்தக் கட்டிகள். அந்த முதல் நாய் செத்தும் அதன் செல் சாகவில்லை. வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிறது. கருத்தடை பரவலானால் இது பரவும் வழியே சுருங்கும்.

மனிதருக்கு வருவோம். ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குள்ள வாய்ப்பு. கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதை உடைக்கும். அதனால்தான் கடிவாயை ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அந்த வேலையைச் செய்யாது. தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பயத்தையும் விட்டுவிடலாம், அது ஒழிந்து இருபது ஆண்டாகிறது. இப்போது கையில்தான் ஊசி. ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தைக் கடிவாயிலேயே செலுத்துவார்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு மருத்துவம் அநேகமாக இல்லை. 2022-23-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் மதிப்பீட்டில் இந்த நாட்டில் ஆண்டுக்கு 5,726 பேர் இப்படிச் சாகிறார்கள்.

நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும். கோவாவில் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து அதைச் செய்து காட்டின. நாய்களிடையே ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது, 2021-இல் கோவா தன்னை ரேபிஸ் கட்டுப்பாட்டு மாநிலமாக அறிவித்தது. பூடான் இன்னும் மேலே போனது. 2009-இல் தொடங்கி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்கு ஆபரேஷன் செய்து, நாட்டின் தெரு நாய்கள் அனைத்துக்கும் முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் சொன்னது. இரண்டு இடத்திலும் அரசு பின்னால் நின்றது, வேலை வீட்டு வாசலில் நடந்தது.

வாசலுக்குப் போவதில் பெரிய மிச்சமும் உண்டு. பழகாத நாயை வலைபோட்டுப் பிடிக்க வண்டியும் நாலு ஆளும் வேண்டும், ஒரு தரம் வலையில் விழுந்த நாய் அடுத்த தரம் வண்டிச் சத்தத்துக்கே ஓடிவிடும். சோறு போடுகிற அம்மா கூப்பிட்டால் அதே நாய் காலடியில் வந்து உட்காரும். லைனில் நாயைப் பிடிக்கிற திறமை இருப்பது அந்த அம்மாவிடம்தான். "யாருடைய நாய்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இதுக்கு யார் சோறு போடுறீங்க?" என்று கேட்டாலே பாதி வேலை முடியும். பெயர் சொன்னதற்காக அபராதமோ கட்டணமோ வராது என்ற உறுதியை மட்டும் முதலில் தரவேண்டும்.

ஹைதர் அலி பிறந்த ஊர் என்ற பெருமை இருந்தாலும் பூதிகோட்டை சிறிய ஊர். ஒரு கிராமப் பஞ்சாயத்து தனியாக ஆபரேஷன் கூடம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். தங்கவயல், பங்காருப்பேட்டை நகராட்சிகளும் சுற்றுப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து ஒரு கூடம் வைக்கலாம். காயம் ஆறும்வரை நாயை வைத்துப் பார்க்கக் கூண்டு வேண்டும், காதில் அடையாள வெட்டு வேண்டும், பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலைய வளாகங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊசி முகாமுக்குக் கூடம்கூடத் தேவையில்லை, கால்நடை மருத்துவரும் ஐஸ் பெட்டியும் போதும். இறைச்சிக் கடைக் கழிவை மூடிய தொட்டியில் எடுக்காத ஊரில் இதெல்லாம் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அதற்கு முந்தைய கிராம சபையில் எழுந்து பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியிடம் (பிடிஓ) மூன்று விஷயம் கேளுங்கள்: முகாம் நம் தெருவில் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், கட்டணம் இருக்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத வைத்துவிட்டே வெளியே வாருங்கள்.