அழுதால் தப்பா?



ஆசையாக வளர்த்த நாய்க்குட்டி இறந்து விட்டது. உயிர்த்தோழி வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய் விட்டாள். கண் கலங்குகிறது. உடனே பெரியவர்கள், "சீச்சீ, அழாதே! எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும்" என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால், அப்படிச் சொன்னவுடன் துக்கம் ஓடிப் போய் விடுகிறதா?

ஒரு சின்ன விளையாட்டு. அடுத்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது! என்ன, அதற்குள் கரடி வந்து விட்டதா?

அமெரிக்க உளவியல் அறிஞர் டேனியல் வெக்னர், 1987ல் இதே சோதனையைக் கல்லூரி மாணவர்களிடம் செய்தார். கரடி நினைவுக்கு வந்தால் மணியடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் மணி அடித்தது! பிறகு, "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களை விட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து, கையை எடுத்ததும் துள்ளி மேலே வருமே, அதுபோல!

துக்கத்தை மறைத்தால் என்ன ஆகும்? ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு அறிஞர்கள், சிலருக்குச் சோகப் படம் காட்டி, "மனதில் இருப்பது முகத்தில் தெரியக் கூடாது" என்றனர். 1997ல் வெளியான முடிவு இதுதான்: முகம் மறைத்தது, சோகமோ குறையவில்லை. இதயமும் ரத்தக் குழாய்களும்தான் கூடுதலாகப் பாடுபட்டன. அப்படி மறைப்பவர்களுக்கு, அந்த நேரத்தில் பார்த்ததும் கேட்டதும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று 2000ல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னது. வகுப்பில் அழுகையை அடக்கிக் கொண்டே உட்கார்ந்திருந்தால் பாடம் எப்படி மனதில் ஏறும்?

சரி, என்ன செய்யலாம்?

பெயர் சொல்லுங்கள்: 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'ஏமாற்றமாக இருக்கிறது' என்று உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். நம் மூளையில் ஆபத்து என்றால் விழித்துக் கொள்ளும் பகுதி அமிக்டலா. உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் அதன் பரபரப்பு குறைகிறது என்று 2007ல் மூளையைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

கேளுங்கள்: நண்பன் அழுதால், "இதுக்குப் போயா அழறே?" என்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கட்டும்.

மறைக்காதீர்கள்: துக்கம் பல நாள் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல் போனாலோ, யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ, அம்மா, அப்பா, ஆசிரியர் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098ம் இருக்கிறது.

அதற்காக எப்போதும் அழுதபடியே இருக்கச் சொல்லவில்லை, செல்லங்களே! நம்பிக்கை வேண்டும். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று நடிப்பது நம்பிக்கை அல்ல. 'கஷ்டமாகத்தான் இருக்கிறது, மெல்லச் சரியாகும்' என்பதே நம்பிக்கை.

நாளை வகுப்பில் ஒரு முகம் வாடியிருந்தால், முதலில் அதன் அருகில் போய் உட்காருங்கள். சிரிக்க வைப்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்!