யானாதிகளின் புகைப்பானை

நெற்கதிர் முற்றும் காலம்தான் வயலெலிக்கும் அறுவடைக் காலம். கதிர்களைக் கத்தரித்து இழுத்துச் சென்று, வரப்புக்குள் தோண்டிய வளையில் சேர்த்துவைக்கும். வளைக்குப் பல வாசல்கள். ஒன்றில் ஆபத்து வந்தால் இன்னொன்றில் ஓடிவிடும். இந்த எலியை நஞ்சு வைக்காமல் பிடிக்கும் கருவி ஒன்று, திருப்பதி, நெல்லூர் வட்டாரங்களில் வாழும் யானாதிப் பழங்குடியினரிடம் உண்டு. அது ஒரு மண்பானை.

பானையின் அடியில் சிறு துளை இருக்கும். உள்ளே புல்லை அடைத்து, கொஞ்சம் தணல் போடுவார்கள். பானையின் வாயை வளையின் வாசலில் பொருத்தி, அடித்துளை வழியே ஊதுவார்கள். அந்தக் காற்று தணலைக் கனலச் செய்யும். கிளம்பும் புகையை வளைக்குள்ளும் தள்ளும். நெருக்கி அடைத்த புல் முழுதாக எரியக் காற்று போதாது. அதனால் சுடரைவிடப் புகையே மிகுதி. மூச்சு முட்டிய எலி மறுவாசல் தேடி ஓடிவரும்போது, அங்கே கோலால் தோண்டிக்கொண்டிருப்பவர் பிடித்துவிடுவார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் வெளியான தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தம் தொகுதிகளில் இம்முறையைப் பதிவு செய்திருக்கிறார்.

பானை பாதி வேலையைத்தான் செய்யும். எந்த வளையில் எலி குடியிருக்கிறது, அதன் மறுவாசல் எங்கே என்று கண்டுபிடிப்பது மனிதரின் வேலை. வாசலில் தள்ளிக் கிடக்கும் புதுமண் அதற்கு ஒரு துப்பு. உழைப்புக்குக் கிடைப்பது எலிக்கறியும், அது பதுக்கிய நெல்லும். விவசாயிக்கு மிஞ்சுவது விளைச்சல்.

இதில் துன்பமும் உண்டு. ஊதுபவர் புகையைத் தாமும் விழுங்குவார். உதடும் கையும் சுடும். தமிழ்நாட்டு இருளர்களும் இப்படித்தான் எலி பிடித்துவந்தார்கள். வாயால் ஊதுவதற்குப் பதிலாகக் கையால் சுற்றும் விசிறி பொருத்திய இரும்புக் கலத்தை அவர்களுக்கு வழங்கும் திட்டம், 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு பெற்றது.

யானாதிகளின் பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் வெறும் ஓட்டைப் பானையாகத்தான் தெரியும். அதனால்தான் திறந்தவெளி அருங்காட்சியகம் தேவைப்படுகிறது. ஸ்டாக்ஹோமில் 1891-இல் ஸ்கான்சென் என்ற அத்தகைய அருங்காட்சியகம் தொடங்கியது. போபாலில் சுமார் 200 ஏக்கரில் உள்ள தேசிய மானுட அருங்காட்சியகத்தில் பழங்குடியினர் தம் வீடுகளைத் தாமே கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆண்டு முழுதும் யாத்திரிகர்கள் வந்துபோகும் திருப்பதியிலும் யானாதிகளுக்கு அப்படி ஓரிடம் வேண்டும். அங்கே பானையோடு ஒரு வரப்பும் இருக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்த யானாதிகள், ஆசிரியருக்குரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் கற்றுத்தர வேண்டும்.