வேகமும் தெளிவும்

நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். வானம் தெளிந்த காலையில் அங்கு நின்று நோக்குவோர்க்குத் தேயிலைச் சரிவுகளும், சோலைகளும், சிற்றூர்களின் கூரைகளும் தனித்தனியே தோன்றும். சிறிது பொழுதில் மூடுபனி எழுந்து வருமாயின், அவையாவும் ஒரே வெண்பரப்பில் மறைந்துவிடும். மலை மாறவில்லை, மலைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட வழியே மாறிற்று.

இத்தகைய மூடுபனி ஒன்று இக்காலத்துக் கணினித் திரையிலும் படர்வதுண்டு. கணினியில் ஆடும் ஆட்டத்தை அவ்வாறே படமாகப் பதிந்து, யூடியூப், டுவிச் முதலிய இணையத் தளங்களின் வாயிலாகப் பிறர்க்குக் காட்டும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. ஆடியவனுடைய திரையில் புல்லின் ஒவ்வோர் இதழும் தெளிவாகத் தெரிந்திருக்கும். அதே காட்சி தளத்தில் வெளிவரும்போது கலங்கித் தோன்றும். பந்தய வண்டி விரையுங்கால் சாலை சிறுசிறு சதுரங்களாகச் சிதையும். இதற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண, உதகையில் முன்னர் இயங்கிய ஓர் ஆலையின் தொழில் நமக்கு வழிகாட்டும்.

1960ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அதன் ஆலை உதகையில் அமைந்தது. 1967ஆம் ஆண்டில் அங்கு உற்பத்தி தொடங்கிற்று. பிலிம் செய்யும் தொழிலுக்குத் தூசி பெரும்பகை; ஆதலின் குளிர்ச்சியும் தூய்மையும் உடைய மலைக்காற்று அதற்கு ஏற்றதாயிற்று. அங்குச் செய்யப்பட்ட பிலிம்கள் 'இந்து' என்னும் பெயரால் விற்கப்பட்டன. ஆலையைச் சூழ்ந்த பகுதியும் இந்து நகர் எனப் பெயர் பெற்றது. திரைப்படத்திற்கும், நிழற்படத்திற்கும், மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே படத்திற்கும் வேண்டிய பிலிம்கள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. எலும்பின் மயிரிழை போன்ற வெடிப்பு மருத்துவர் கண்ணுக்குப் புலப்படுவதும் புலப்படாமற் போவதும் பிலிமின் தெளிவைப் பொறுத்தது. ஆதலின் தெளிவு என்பது அழகிற்கு மட்டும் உரிய செய்தியன்று.

பிலிமின் மேற்பரப்பில் வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட மணிகளே பின்னர்க் கருமையடைந்து உருவத்தைக் காட்டும். மணிகள் பெரியனவாயின், குறைந்த ஒளியிலும் விரைந்து படம்பிடிக்கலாம். ஆனால் உருவம் பொரிபொரியாகத் தெரியும். மணிகள் சிறியனவாயின் உருவம் நுட்பமாக அமையும். ஆனால் மிகுந்த ஒளி வேண்டும். வேகத்தை விரும்பினால் நுட்பத்தில் சிறிது இழக்க வேண்டும். நுட்பத்தை விரும்பினால் வேகத்தில் சிறிது இழக்க வேண்டும். இவ்விதி பிலிமுக்கு மட்டும் உரியதன்று. இணையத்தில் செல்லும் படத்திற்கும் ஒருவகையில் பொருந்துவதாகும்.

அதனைக் கணக்கிட்டுக் காண்போம். 1080 என்னும் எண்ணால் குறிக்கப்படும் படத்தில் அகலவாட்டில் 1,920 புள்ளிகளும், உயரவாட்டில் 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகளாகும். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவது மரபு. விரைந்த ஆட்டத்திலோ நொடிக்கு 60 படங்கள் ஓடுவதுண்டு. ஆகவே ஒரு நொடிக் காட்சியை உள்ளவாறே அனுப்ப ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் தேவைப்படும். நேரலையாக அனுப்புவோர் பலர் கையாளும் அளவோ நொடிக்கு 60 இலட்சம் பிட்டுகளே. அஃதாவது, ஐந்நூறில் ஒரு பங்காகக் காட்சியைச் சுருக்க வேண்டும்.

இது எவ்வாறு இயலும்? அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை மீண்டும் அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதே இதன் அடிப்படை. ஆசிரியர் ஒருவர் கரும்பலகை முன் நின்று பேசும் காட்சியில் பலகையும் சுவரும் மாறுவதில்லை; ஆதலின் சிறிதளவு பிட்டுகளே போதும். ஆட்டத்திலோ ஓடுகின்ற வீரனோடு உலகமே ஓடுகின்றது. இலைகள் அசைகின்றன, மழை பொழிகின்றது, தீப்பொறி சிதறுகின்றது. மாறாத பகுதி மிகக் குறைவு. கிடைத்த பிட்டுகள் போதாமையால், சுருக்கும் கருவி நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிடுகின்றது. அதனால் புல்வெளி பசுஞ்சேறு போலாகின்றது. மென்மையாக மாற வேண்டிய மூடுபனியின் நிறமும் படிப்படியாகப் பிரிந்து காட்சியளிக்கின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. ஆட்டத்தைப் பதியும்போதே அது ஒருமுறை சுருக்கப்படுகின்றது. பதிந்ததைத் தளத்திற்கு அனுப்பினால், தளம் தன் முறைப்படி மறுமுறையும் சுருக்குகின்றது. படியிலிருந்து எடுத்த படி மங்குவது போல, இரண்டாம் சுருக்கத்தில் தெளிவு மேலும் குறைகின்றது.

இக்குறையைத் தணிக்க வழிகள் உண்டு. பின்னர் வெளியிடும் படமாயின், முதற் பதிவைத் தாராளமான பிட்டளவில் செய்தல் வேண்டும். நேரலையாயின், இணைப்பின் வலிமையை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். இணைப்பு தளர்ந்துள்ள இடத்திலிருந்து அனுப்புவோர் 1,280க்கு 720 என்னும் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படத்தில் 9,21,600 புள்ளிகளே உள்ளன. முன்னதிற் பாதிக்கும் குறைவு. ஆதலின் அதே பிட்டுகளைப் பகிர்ந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் இருமடங்கிற்கு மேல் பங்கு கிடைக்கும். பெரிய எண்ணைத் தாங்கிய கலங்கிய படத்தைவிடச் சிறிய எண்ணைத் தாங்கிய தெளிந்த படம் மேலானதன்றோ?

உதகை ஆலை 1996ஆம் ஆண்டில் நலிந்த நிறுவனமென அறிவிக்கப்பட்டது. எண்முறைப் படக்கருவிகள் பரவியபின் பிலிமின் தேவையும் அருகிற்று. பின்னர் ஆலை மூடப்பட்டது. அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேறு தொழிலை நாட நேர்ந்தது. வெள்ளி மணிகள் இருந்த இடத்தைப் பிட்டுகள் பெற்றன. எனினும் அத்தொழில் கற்பித்த பாடம் அழியவில்லை. வேகம், நுட்பம், கையிலுள்ள வளம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்ப்பவனே நல்ல படத்தைத் தருவான். மேலே பொறித்த எண்ணை மட்டும் கண்டு ஒரு பொருளின் தரத்தை முடிவு செய்யாமல், அது வந்த வழியையும் ஆராய்ந்து அறிதல் நம் கடமையாகும்.