காலின் விசையும் காரின் பிரேக்கும்



சித்திரைத் திருவிழாவில் அவிநாசித் தேர் அசைந்து வருவதை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தின் முன் கட்டையிட்டு நிறுத்துவோர் சிலரே. ஓட்டுவதினும் உரிய இடத்தில் நிறுத்துவதே அரிய கலை அன்றோ?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே புதுப்பித்து வந்தார். அதன் பிரேக்கிற்குத் துணை புரியும் பூஸ்டர் பழுதுற்றிருந்தது. அதனைக் கழற்றிவிட்டு, காலின் விசையால் மட்டுமே இயங்கும் பிரேக்காக மாற்றினார். மறுநாள் சாலையில் மாடு ஒன்று குறுக்கிட்டது. முழு வலிமையோடு மிதித்தும் வண்டி நெடுந்தொலைவு சென்றே நின்றது. நல்வேளையாக எவருக்கும் தீங்கில்லை. 'எங்கே பிழை, ஐயா?' என்று வந்து கேட்டார். 'கணக்கில்தான் பிழை, தம்பி' என்றேன்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. இவ்விதியால் இயங்கும் பிரேக்கை நான்கு சக்கரங்களிலும் கொண்டு, 1921-ல் டியூசன்பெர்க் என்னும் அமெரிக்கக் கார் வெளிவந்தது. மிதி ஒரு நெம்புகோல். அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிரேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது.

பூஸ்டர் செய்வது யாது? எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் குறையழுத்தம், பூஸ்டரிலுள்ள சவ்வின் ஒரு புறம் நிற்கும். நாம் மிதித்ததும் மறுபுறம் வெளிக்காற்று புகுந்து தள்ளும். சவ்வின் விட்டம் 20 செ.மீ. எனில் பரப்பு 314 சதுர செ.மீ. அழுத்த வேறுபாடு சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ எனில், கிடைக்கும் துணை விசை ஏறத்தாழ 220 கிலோ!

இனிக் கணக்கைப் பாருங்கள். கால் தருவது 30 கிலோ. மிதி அதனை நான்கு மடங்காக்கி 120 ஆக்குகிறது. பூஸ்டரின் 220 சேர்ந்து 340 ஆகிறது. பூஸ்டரை மட்டும் நீக்கினால் எஞ்சுவது 120. முன்னிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பழைய அழுத்தம் வேண்டுமாயின் கால் 85 கிலோ தர வேண்டும். இதுவே அம்மாணவர் மறந்த கணக்கு.

தீர்வு இரண்டு. மிதியின் சுழல் அச்சை மாற்றி, நான்கு மடங்கை ஆறாக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தை 25 மி.மீ.இலிருந்து 22 மி.மீ. ஆகக் குறைக்கலாம், பரப்பு குறைய அழுத்தம் கூடும். இரண்டும் செய்தால் 85 கிலோ 44 ஆகக் குறையும். ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. மிதி இறங்கும் தொலைவு ஏறத்தாழ இரு மடங்காகும். அளவு மீறினால் பிரேக் பிடிக்குமுன் மிதி தரையைத் தொட்டுவிடும்.

டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே முன்கட்டையைத் தன்பால் இழுத்து இறுக்கும். டிஸ்க் பிரேக்கில் அவ்வுதவி இல்லை. எனவே அதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். தொடக்ககால அம்பாசிடர் கார்கள் டிரம் பிரேக்குகளோடு, பூஸ்டர் இன்றியே ஓடியதன் காரணம் இப்போது விளங்கும். பூஸ்டரை நீக்கினால் எஞ்சினுக்குச் செல்லும் அதன் குழாய்வாயையும் அடைத்தல் வேண்டும்; இல்லையேல் காற்றுக் கசிந்து எஞ்சின் தடுமாறும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்கு வரம்பு விதிக்கிறது. ஆதலின் தேர்ந்த மெக்கானிக்கையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் கலந்த பின்னரே இதில் இறங்குக.

வகுப்பறையில் நெம்புகோல் கணக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு உரியது. சாலையிலோ அது ஓர் உயிருக்கு உரியது. இதனை மறவாதீர்கள்.