பாட்டுக்குத் தலை திருப்புகிறதா பாப்பா?

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழு மாதத்திலேயே தவழ்கிறது, நம் பிள்ளை இன்னும் உட்காரவே தடுமாறுகிறதே!" சிங்கப்பூரில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மின்தூக்கியில் சந்திக்கும் அண்டை வீட்டாரும் விருந்துக்கு வரும் உறவினரும் ஆளுக்கு ஒன்று சொல்ல, புதிதாகத் தாயான பெண்ணுக்கு இருக்கும் கொஞ்சத் தூக்கமும் போய்விடுகிறது. ஆனால், இப்படிக் கவலைப்படும் வீடுகளிலேயே உண்மையில் கவனிக்க வேண்டிய சில அறிகுறிகள் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதும் உண்டு. குழந்தையின் முகம் பார்த்து நாள்தோறும் பாடும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த அறிகுறிகள் அவருக்குத்தான் முதலில் தெரியவரும்.

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனிப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் முதல், அந்த இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுகிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவம். அதன் பிறகு தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவமும், நிலாவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவமும் வருகின்றன. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு இருந்தாலும், குழந்தையின் அசைவைப் பார்த்தே பாட்டு மாறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஒரே தேதியில் நடப்பதில்லை

இன்றைய மருத்துவமும் வளர்ச்சியை ஒரு குறிப்பிட்ட நாளோடு முடிச்சுப் போடுவதில்லை. இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள் எப்போதும் நிகழலாம். தனியே நடப்பது 8 முதல் பதினேழரை மாதத்திற்குள் நிகழலாம். நூற்றில் நான்கு குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழும் கட்டத்தைத் தாண்டாமலேயே நடந்துவிட்டன. ஆகவே, ஏழாம் மாதத்தில் தவழும் பிள்ளையும், அதே மாதத்தில் தடுமாறி உட்காரும் பிள்ளையும் இயல்பான வளர்ச்சியிலேயே இருக்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. எட்டு வாரம் முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

பாட்டு காட்டிக்கொடுப்பவை

கருவில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் குரலை மற்றக் குரல்களைவிட அதிகம் விரும்புகிறது என்பதை 1980ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே, முதல் வாரத்திலிருந்தே பாடலாம். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஓர் அடித் தொலைவுக்குள் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், முகத்தை அருகில் வைத்துக்கொண்டு பாடுவது நல்லது.

இரண்டாம் மாத வாக்கில் பாடுபவரின் முகம் பார்த்துக் குழந்தை சிரிக்கும். நான்கிலிருந்து ஆறு மாதத்திற்குள் பாட்டு வரும் பக்கம் தலையைத் திருப்பும்; பாட்டை நிறுத்தினால் தானும் ஒலி எழுப்பும். அதன் பிறகு 'பப்பா', 'தத்தா' என்று மழலை தொடங்கும். ஓராண்டை நெருங்கும்போது கைதட்டும், கை வீசும். பிறகு நிலாவைக் காட்டிப் பாடினால் தானே விரல் நீட்டிக் காட்டும். ஒவ்வொன்றும் செவி, பார்வை, கைகால் அசைவு, பழகும் தன்மை ஆகியவை வளர்ந்து வருவதன் அடையாளம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், ஆறு மாதமாகியும் ஒலி வரும் பக்கம் திரும்பாவிட்டால், ஒன்பது மாதமாகியும் உட்காராவிட்டால், ஓராண்டாகியும் மழலையோ கைச்சைகையோ இல்லாவிட்டால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால் தாமதிக்கக் கூடாது. கற்றுக்கொண்ட ஒன்றைக் குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். பிறந்தபோது செய்த செவிப் பரிசோதனையில் குறை இல்லை என்றாலும், பின்னர் செவித்திறன் குறையக்கூடும். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வது அன்பினால்தான். என்றாலும், செவிக்குறையைச் சீக்கிரம் கண்டறிந்தால்தான் பேச்சு வளரும் வயதிலேயே குழந்தைக்கு உதவி கிடைக்கும். பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குச் செல்லும்போதே குழந்தையின் சுகாதாரப் புத்தகத்திலுள்ள வளர்ச்சிக் கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சென்றால், தாதியிடமோ மருத்துவரிடமோ சந்தேகத்தைக் கேட்க வசதியாக இருக்கும்.

அழுகையும் பாட்டும்

பெரும்பாலான குழந்தைகளின் அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணியும். முதலில் பசியா, ஈர அணையாடையா, காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியசைத் தொட்டால் அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் பாட்டுக்கு இடமுண்டு. கனடாவின் மொன்ட்ரியால் நகரில் 2015ல் வெளியான ஓர் ஆய்வில், பேச்சைக் கேட்ட குழந்தைகள் நான்கு நிமிடத்திற்குச் சற்று அதிகமாக அமைதி காத்தன. பாட்டைக் கேட்டவை சராசரி ஒன்பது நிமிடம் அமைதி காத்தன. அந்தப் பாட்டு அவற்றுக்குப் பழக்கமில்லாத துருக்கிய மொழியில் இருந்தது என்பதுதான் வியப்பு! குரலில் இனிமை இல்லையே என்று எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. மெதுவாக, ஒரே சீராக, மீண்டும் மீண்டும் பாடினால் போதும். குழந்தை உறங்கியதும் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு.

பாடியும் அழுகை நிற்காத இரவுகளும் வரும். பொறுமை எல்லை மீறும்போது குழந்தையை உலுக்கிவிடக் கூடாது. சில விநாடி உலுக்கினாலும் மூளையில் இரத்தம் கசிந்து, பார்வை பறிபோகலாம்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அத்தகைய நேரத்தில் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பதோ, வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைப்பதோ தவறாகாது. பச்சிளங்குழந்தையின் தந்தைக்கு 2025 ஏப்ரல் முதல் நான்கு வார விடுப்பு உறுதியாகியுள்ளதால், அப்பாக்களும் ஒரு பாட்டாவது கற்று வைத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியில் தாலாட்டை ஓடவிட்டால் குழந்தை அமைதியாகலாம். ஆனால், குழந்தை சிரித்ததா, திரும்பியதா என்று கைத்தொலைபேசி கவனிக்காது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 18 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்கிறது. முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்புக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஜோகூரிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பாட்டி அந்த அழைப்பில் பேரப்பிள்ளையைப் பார்த்துப் பாடலாம். தெரியாத பாட்டை அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, இன்றிரவு குழந்தையைத் தூங்க வைக்கும்போது பாடிப் பார்க்கலாம். பாடும்போது குழந்தையின் முகத்தைக் கவனிக்க மறந்துவிடக் கூடாது.